கொச்சித் துறையின் பண்டகசாலைகள்

ஆங்கிலத்தில் 'கோடவுன்' என்றொரு சொல் வழங்குகிறது. பண்டங்களைச் சேர்த்து வைக்கும் கட்டடத்துக்கு இந்திய நாட்டில் ஆங்கிலேயர் வழங்கிய பெயர் அது. அரசாங்கக் காகிதங்களைத் தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்ட என் போன்றோருக்கு அச்சொல் வாரத்தில் இரண்டு மூன்று முறையேனும் எதிர்ப்படும். 'கிடங்கு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுவோம். அந்நியச் சொல் ஒன்றைத் தமிழ்ப்படுத்திவிட்டதாக எங்களுக்கு ஓர் எண்ணம். யூல், பர்னல் என்னும் இருவர் 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்னும் சொல்லகராதியைப் புரட்டிப் பார்த்தால் அவ்வெண்ணம் கலைந்துவிடும். தமிழர் கிடங்கு என்றும் தெலுங்கர் கிடங்கி என்றும் வழங்கிய சொல்லே மலாய் நாட்டுத் துறைகளுக்குச் சென்று, அங்கே உருமாறி, போர்த்துக்கேயர் வாயிலாக ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். சங்க நூல்களில் கிடங்கு என்றால் கோட்டையைச் சூழ்ந்த அகழி. பள்ளத்தைக் குறித்த சொல், பின்னர்ப் பண்டம் கிடக்கும் இடத்தைக் குறிக்கலாயிற்று. ஆக, அந்நியச் சொல்லுக்குத் தமிழ் தேடியதாக நாங்கள் நினைத்தது, நெடுநாள் வெளிநாட்டில் இருந்து திரும்பியவரை வீட்டுக்குள் அழைத்த கதைதான்.

சொல்லின் கதை இது. அச்சொல் குறிக்கும் கட்டடத்தின் கதை என்ன? கொச்சியில் வாழும் எனக்கு இக்கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. கலூரிலிருந்து பேருந்தில் புறப்பட்டு, வெண்டுருத்திப் பாலத்தையும் தோப்பும்படிப் பாலத்தையும் கடந்து மட்டாஞ்சேரிக்குச் சென்றால், யூதத் தெருவிலிருந்து கல்வத்தி வரையில் காயற்கரையை ஒட்டி ஒரு கடைவீதி நீள்கிறது. அதன் ஒருபுறம் வரிசையாகப் பண்டகசாலைகள். தெருவில் நிற்பவனுக்குப் பெரிய மரக்கதவும், அதன்மேல் சிறு சாளரமும், சரிந்த ஓட்டுக் கூரையுமே தெரியும். கதவு திறந்திருந்தால் இருண்ட நீண்ட கூடத்தின் கோடியில் நீரின் ஒளி பளிச்சிடும். வெளியூரிலிருந்து வருவோர் இவற்றை விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலக் கட்டடங்கள் என்கின்றனர். வழிகாட்டிகளோ ஒல்லாந்தர் கட்டியவை என்பர். அவ்விரு விடைகளும் பாதி மெய்யே எனினும், எஞ்சிய பாதியை மறைத்துவிடுகின்றன என்பது என் கருத்து.

விக்டோரியா காலத்துத் துறைமுகக் கட்டடம் இங்கிலாந்தில் எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் நோக்குவோம். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு: திருட்டு, சுங்கம், நெருப்பு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேம்ஸ் நதியில் கப்பல்கள் நெருக்கியடித்து நின்றன. சர்க்கரையும் ரம்மும் மிளகும் படகுகளில் இறங்குமுன்னரே களவு போயின. 1798இல் நதிக்கெனத் தனிக் காவற்படையே ஏற்பட்டது. கப்பலை மதிலுக்குள் கொண்டுவந்துவிட்டால் இத்தொல்லை தீரும் என்று வணிகர் எண்ணினர். அதன் பயனாய் 1802இல் திறக்கப்பட்டது மேற்கிந்தியக் கப்பல்துறை. சுற்றிலும் உயர்ந்த மதில். நடுவே வெட்டப்பட்ட நீர்நிலை. கரையில் பல மாடிப் பண்டகசாலைகள். மறு ஆண்டு வந்த சட்டமொன்று, பண்டங்களை அரசாங்கப் பூட்டின்கீழ் வைத்திருந்து அவை விற்பனைக்கு வெளியேறும்போது சுங்கம் செலுத்தினால் போதும் என்று வகை செய்தது. அதன்பின் பண்டகசாலை வெறும் கொட்டிலாக இராமல், சுங்க அதிகாரியின் முத்திரைக்கு உட்பட்ட கருவூலமாயிற்று. சிறு சாளரங்களும் இரும்புக் கம்பிகளும் தடித்த கதவுகளும் அதனால் வந்தவை.

மூன்றாவது நெருப்பு. பஞ்சாலைகள் அடிக்கடி எரிந்து சாம்பலான நாட்டில், 1797ஆம் ஆண்டில் ஷ்ரூஸ்பரி நகரத்தில் சணல்நார் ஆலையொன்றை வார்ப்பிரும்புத் தூண்களாலும் இரும்பு உத்தரங்களாலும் செங்கல் வளைவுகளாலும் எழுப்பினார் சார்லஸ் பேஜ் என்பவர். உலகிலேயே இரும்புச் சட்டகத்தால் ஆன முதற் கட்டடம் அது என்பர். அந்த ஆலையின் எலும்புக்கூடே லிவர்ப்பூல் நகரத்து ஆல்பர்ட் கப்பல்துறையிலும் புகுந்தது. ஜெஸ்ஸி ஹார்ட்லி அமைத்து, 1846இல் விக்டோரியாவின் கணவரான ஆல்பர்ட் இளவரசர் திறந்துவைத்த அப்பண்டகசாலைகளில் கட்டுமானத்துக்கு மரமே பயன்படவில்லை. கல், செங்கல், இரும்பு மட்டுமே. இரண்டாண்டுகளுக்குப் பின் நீரின் அழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கிகளும் அங்கே அமைந்தன. கப்பலிலிருந்து எடுத்த மூட்டை நேரே மாடிக்குச் செல்லும். விக்டோரியா காலக் கப்பல்துறை என்று கட்டடக்கலை நூல்கள் புகழ்வது இதனையே.

இங்கே சற்று விலகி ஒன்று சொல்ல விரும்புகிறேன். பூட்டி முத்திரையிட்ட பண்டகசாலை இங்கிலாந்தின் கண்டுபிடிப்பன்று; அதன் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றில் நம் கடற்கரையின் பெயரே காணப்படுகிறது. வியன்னா நகரில் பாதுகாக்கப்பட்டுவரும் பாப்பிரஸ் ஏடொன்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் முசிறி வாணிகம் பற்றி எழுதப்பட்டது. 'ஹெர்மாபொல்லோன்' என்னும் கப்பலில் வந்த சரக்கு செங்கடற்கரையில் இறங்கியபின் பாலைவனத்தையும் நைல் நதியையும் கடந்து அலெக்ஸாந்திரியாவுக்குச் செல்லவேண்டும். அங்கே கால்பங்கு வரி வாங்கும் அரசாங்கப் பண்டகசாலையில் முத்திரையுடன் வைக்கப்படவேண்டும் என்று அதில் கண்டிருக்கிறது. அதற்குச் சற்று முன்னரே, டொமீஷியன் என்ற பேரரசன் காலத்தில், ரோமாபுரியின் நடுவில் மிளகுக்கெனவே தனியாகப் பண்டகசாலைகள் எழுந்தன. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் சரக்குப் பொதிகளின் மேல் சோழரின் புலி முத்திரையைப் பொறித்த செய்தியைப் பட்டினப்பாலையில் படித்திருப்பீர்கள். மிளகு எங்கெங்கே சென்றதோ அங்கெல்லாம் பூட்டும் முத்திரையும் உடன் சென்றன.

இனிக் கொச்சிக்கு வருவோம். லண்டனுக்கும் லிவர்ப்பூலுக்கும் உரிய கப்பல்துறை, விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் கொச்சியில் இருந்ததா? இல்லவே இல்லை. பம்பாயில் 1875இல் சாசூன் கப்பல்துறை ஏற்பட்டது. கல்கத்தாவில் 1892இல் கிதிர்ப்பூர் கப்பல்துறை ஏற்பட்டது. கொச்சியிலோ காயலின் வாயில் மணல்மேடு குறுக்கிட்டது. பெரிய கப்பல்கள் வெளியே திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கனைத்தும் தோணிகளிலும் வள்ளங்களிலும் போய்வந்தன. மழைக்காலத்தில் அதுவும் நின்றுவிடும். கப்பல் வந்து அணையாத கரையில் கப்பல்துறைக் கட்டடத்துக்கு என்ன வேலை? மட்டாஞ்சேரிப் பண்டகசாலை கப்பலுக்காகக் கட்டப்பட்டதன்று, வள்ளத்துக்காகக் கட்டப்பட்டது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு பார்த்தால் அதன் வடிவம் முழுவதும் விளங்கும்.

அரசியல் எல்லையையும் மறத்தலாகாது. ஆங்கிலேயர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியது கோட்டைக் கொச்சியை. அது சென்னை இராசதானியில் மலையாள மாவட்டத்தின் ஒரு துண்டாக இருந்தது. 1866இல் அங்கே நகரசபையும் ஏற்பட்டது. கல்வத்தி வாய்க்காலைத் தாண்டி மட்டாஞ்சேரிக்குள் கால் வைத்தால் கொச்சி மன்னரின் நாடு. கடைவீதியின் பண்டகசாலைகளில் தொழில் நடத்தியவர்கள் குஜராத்திகள், கச்சிலிருந்து வந்த மேமன்கள், கொங்கணிகள், யூதர்கள் முதலியோர். தமிழ்நாட்டிலிருந்து வந்தோரும் அவர்களிடையே இருந்தனர். ஆங்கிலேயர் ஆளாத ஊரில், ஆங்கிலேயரல்லாதார் தொழில் நடத்திய கட்டடங்களுக்கு ஆங்கில மகாராணியின் பெயர் ஒட்டிக்கொண்டது விந்தைதான்.

அப்பண்டகசாலை ஒன்றினுள் சென்று பார்ப்போம். தெருவுக்கும் நீருக்கும் இடையே நீண்டு கிடக்கும் மனை அது. வணிகன் ஒவ்வொருவனுக்கும் இரண்டு வாயில்கள் இன்றியமையாதவை: வண்டிக்கு ஒன்று, வள்ளத்துக்கு ஒன்று. ஆகவே முகப்புக் குறுகியும் உடல் நீண்டும் மனைகள் அமைந்தன. நீர்ப்பக்கம் படித்துறை. மலைநாட்டு மிளகும் இஞ்சியும் காயல் வழியே வந்து அப்படிகளில் இறங்கும். சுவர் செம்புறைக்கல்லால் ஆனது. மலையாளிகள் அதனை வெட்டுகல்லு என்பர். நிலத்திலிருந்து வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டதும் இறுகும் இயல்புடையது. அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. தளமும் உத்தரமும் கூரைச் சட்டமும் மரம்.

நடுவே முற்றம். இம்முற்றமே என் வாதத்துக்கு உயிர்நிலை. லிவர்ப்பூல் பண்டகசாலைக்குள் வந்த சரக்கு ஏற்கெனவே பதப்பட்டு மூட்டையாக வந்தது. அதைப் பூட்டி வைத்தால் போதும். மட்டாஞ்சேரிக்கு வந்த மிளகு அப்படிப்பட்டதன்று. ஈரத்தோடு வரும், மீண்டும் வெயிலில் பரப்பவேண்டும், புடைக்கவேண்டும், தரம் பிரிக்கவேண்டும், அதன்பின்னரே பொதியலாம். இஞ்சியைச் சுண்ணாம்பு நீரில் தோய்த்து உலர்த்தவேண்டும். மழைக்காலக் காற்றில் ஈரம் ஏறினால் பூசணம் பிடித்து முதலுக்கே மோசம் வரும். ஆகவே வெயிலுக்கு முற்றமும், மழைக்குக் கூரையும், ஈரம் எட்டாத மச்சும் ஒரே இடத்தில் வேண்டியிருந்தன. அவற்றைப் பண்டகசாலை என்பதைவிடத் தொழிற்கூடம் என்பதே பொருந்தும். கல்வத்தித் தெருவில் மிளகு மாளிகை என்று பொருள்படும் 'பெப்பர் ஹவுஸ்' என்னும் கட்டடத்தில் இவ்வமைப்பை இன்றும் தெளிவாகக் காணலாம். தெருவை நோக்கி ஒரு மாடிக் கட்டடம். நீரை நோக்கி மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே விரிந்த முற்றம்.

கேரளத்து வீடுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. நாலுகெட்டு என்னும் வீட்டின் நடுமுற்றமும், நெல்லைச் சேர்க்கும் பத்தாயப்புரையின் தடித்த சுவரும் மரத்தளமும் ஒன்றாய்ச் சேர்ந்து காயற்கரையில் வந்து நின்றால் மட்டாஞ்சேரிப் பண்டகசாலை ஆகிவிடும். 'பாண்டிகசாலை' என்பது அதற்கு மலையாளிகள் வழங்கும் பெயர். பண்டகசாலை என்ற நம் சொல்லின் உடன்பிறப்பு அது. இச்சொல்லையும் ஆங்கிலேயர் விட்டுவைக்கவில்லை. துறைமுக அதிகாரியின் இடத்துக்கு அவர்கள் 'பாங்க்ஷால்' என்று பெயரிட்டார்கள். கல்கத்தாவில் அப்பெயரில் ஒரு தெரு இன்னும் இருக்கிறது. ஒரே கட்டடத்துக்கு வழங்கிய இரு பெயர்களையும் கிழக்கிலிருந்தே எடுத்துக்கொண்டவர்கள் கட்டடத்தை மட்டும் கையோடு கொண்டுவந்தார்கள் என்று நம்புவது எளிதாயில்லை.

ஒல்லாந்தர் பங்கு யாது எனலாம். ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பண்டகசாலைகள் குறுகி உயர்ந்தவை. முகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரத்தில் கப்பி மாட்டி மூட்டையை மேலே இழுப்பர். ஈரநிலத்தில் இடமின்மையால் வந்த வடிவம் அது. கீழைநாடுகளில் அவர்கள் கட்டியது வேறு. இலங்கையில் காலிக் கோட்டைக்குச் சென்றோர், 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கம்பெனியார் கட்டிய நெடும் பண்டகசாலையைக் கண்டிருப்பர். கோட்டையின் பழைய வாயில் அக்கட்டடத்தின் ஊடாகவே செல்கிறது. பண்டகசாலை கோட்டை மதிலின் உறுப்பாகவே நிற்கிறது. கம்பெனியே வணிகன், கம்பெனியே சேனாதிபதி என்ற ஆட்சியின் கட்டடம் அது. மட்டாஞ்சேரிக் கட்டடங்களோ கோட்டைக்கு வெளியே நிற்பவை, தனித்தனி வணிகருடையவை. ஒல்லாந்தரிடமிருந்து முகப்பின் சில அணிகளும், சாளரக் கதவின் அமைப்பும், பருத்த சுவரில் வைத்த நம்பிக்கையும் வந்திருக்கலாம். உள்ளமைப்பு அவர்களுடையதன்று.

இதே ஊரில் இத்தகைய பெயர்க்குழப்பத்துக்கு மற்றொரு சான்றும் உண்டு. மட்டாஞ்சேரியில் 'டச்சு அரண்மனை' என்று வழங்குவதை 1555இல் கொச்சி மன்னருக்குக் கட்டிக்கொடுத்தவர்கள் போர்த்துக்கேயர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பின்னர் அதைப் பழுது பார்த்தனர். பெயர் அவர்களுக்குப் போயிற்று. உள்ளே சென்று பார்த்தால் நாலுகெட்டு. முற்றத்தில் பழையன்னூர்ப் பகவதி கோயில். கட்டியவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர், வடிவம் தந்தவர் மற்றொருவர்.

அதனாலேயே எல்லாவற்றையும் நம்முடையது என்று உரிமை கொண்டாடுவதும் தவறு. கேரளத்துக்கே உரியது என்று எல்லோரும் எண்ணும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: அந்தச் சிவந்த ஓட்டுக் கூரை. கேரளத்தில் ஓடு வேய்வது நெடுங்காலம் பெரும்பாலும் கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரிய சிறப்பாக இருந்தது. மற்றவை ஓலைக் கூரைகள். இன்று மட்டாஞ்சேரியில் காணும் தட்டையான, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் மங்களூர் ஓட்டை, பேசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கினார். அவ்வடிவத்தின் மூலமோ பிரான்சு நாட்டில் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜிலார்டோனி சகோதரர்கள் 1841இல் உரிமைப்பதிவு பெற்ற ஓடு. ஆங்கிலேயருடையது என்று நாம் கருதும் சுவரும் முற்றமும் நம்முடையவை. நம்முடையது என்று பெருமை கொள்ளும் கூரை அல்சாஸிலிருந்து வந்தது! விக்டோரியா காலம் மட்டாஞ்சேரிக்குத் தந்த உண்மையான கொடை இந்த ஓடு என்பேன். இலேசானது, ஆகவே அகன்ற கூடத்தை மூட முடிந்தது. ஓலையைப்போல் பொறி பட்டால் எரியாது.

மற்றொரு கொடை ஐரோப்பிய வணிக நிறுவனங்களின் வளாகம். ஸ்விட்ஸர்லாந்து நாட்டவர் 1851இல் நிறுவிய வால்கார்ட் சகோதரர் கம்பெனியும், ஜான் ஆஸ்பின்வால் 1867இல் தொடங்கிய கம்பெனியும் கொச்சிக் கரையில் இடம்பிடித்தன. ஆங்கிலக் கம்பெனிகள் என்று பொதுப்படச் சொல்லிவிடுகிறோம்; முன்னதில் ஆங்கிலேயர் பெயரே இல்லை. ஆஸ்பின்வால் வளாகத்தில் அலுவலகம், துரைமார் தங்கும் பங்களா, கயிற்றுக்கும் மிளகுக்கும் கிடங்குகள் எல்லாம் ஒரே மதிலுக்குள் அமைந்தன. நாட்டு வணிகன் பண்டகசாலையில் கணக்குப்பிள்ளை சரக்கின் நடுவே ஒரு பலகையில் அமர்ந்திருப்பான். கம்பெனியிலோ கணக்குக்குத் தனிக் கட்டடம் எழுந்தது. தேங்காய்நார்க் கயிறு ஏற்றுமதி பெருகியதும், கயிற்றை அழுத்திக் கட்டும் பொறிகளுக்காகக் கூடங்கள் அகன்றன. இவ்வளவுதான் மாறுதல்.

நெருப்பைப் பற்றி இங்கிலாந்து கற்ற பாடத்தை மட்டும் கொச்சி கற்கவில்லை. 1889ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், கோட்டைக் கொச்சிக் கரையருகே நின்ற 'சந்திரபானு' என்னும் கப்பலில் தீப்பற்றியது. கரையைக் காக்க எண்ணிக் கட்டை அறுத்துவிட்டனர் என்றும், எரியும் கப்பல் மிதந்து சென்று கரையோரமெங்கும் நெருப்பைப் பரப்பியது என்றும் கூறுவர். எண்ணெயும் கயிறும் நிறைந்த கிடங்குகள் எரிந்தன. சுமார் 300 வீடுகளும் அழிந்தன என்பர். ஆல்பர்ட் கப்பல்துறை திறந்து 43 ஆண்டுகள் ஆகியும், இங்கே உத்தரம் மரமாகவே இருந்தது. தீக்குப் பின்னரும் மரமே நீடித்தது. மரம் அருகிலேயே மலிந்து கிடைக்கும்போது இரும்பைக் கப்பலேற்றி வரவழைப்பார் யார்?

பாரந்தூக்கியும் வரவில்லை. அதன் வேலையை மனிதத் தோள் செய்தது. கட்டடக்கலை பேசுவோர் இதைக் குறிப்பிடுவதில்லை. குறிப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மச்சுக்கு ஏறும் மரப்படிகளின் அகலம் மூட்டை சுமந்தவன் அளவுக்கு ஏற்றது. துறைமுகத்தில் வேலை தேடி வந்த கூட்டத்தின் நடுவே உலோகத் தகடுகளை வீசியெறிந்து, பிடித்தவனுக்கே அன்றைய வேலை என்ற 'சாப்பா' முறை பின்னாளில் வழங்கியது. அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953ஆம் ஆண்டு செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் போலீசார் சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியலாளர் மணல்மேட்டை வெட்டி வழி செய்தார். 1928ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தூர்வாரிய மண்ணால் எழுந்த வெலிங்டன் தீவில் துறைமேடையும் புகைவண்டிப் பாதையும் புதுக் கிடங்குகளும் அமைந்தன. கப்பல் நேரே வந்து அணையும் கட்டடம் கொச்சிக்குக் கிடைத்தபோது விக்டோரியா மறைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. வள்ளங்கள் குறைந்தன, படித்துறைகளில் பாசி படர்ந்தது. மட்டாஞ்சேரி வணிகர் சிலர் இன்னும் இஞ்சியும் மிளகும் வைத்து வாணிகம் செய்கின்றனர். பல கட்டடங்கள் விடுதிகளாகவும் கலைப்பொருள் அங்காடிகளாகவும் மாறிவிட்டன. 2012 டிசம்பரில் கொச்சி-முசிறி கலைவிழா முதன்முதலாக நடந்தபோது ஆஸ்பின்வால் வளாகமே அதன் முதன்மை அரங்காயிற்று.

இக்கட்டடங்களைப் புதுப்பிப்போர், விக்டோரியா காலத்தவை என்ற எண்ணத்தால் முகப்பைக் காத்துவிட்டு முற்றத்தை மூடிவிடுவதும் உண்டு. நீர்ப்பக்கத்து வாயிலைச் சுவர் வைத்து அடைத்துவிடுவதும் உண்டு. எனக்கு அதைக் கண்டால் மனம் பொறுப்பதில்லை. முகப்பு யாரிடமிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். மிளகு உலர்ந்த முற்றமும் வள்ளம் அணைந்த படியும் போய்விட்டால், எஞ்சுவது ஆங்கிலக் கட்டடமும் ஆகாது, கொச்சிக் கட்டடமும் ஆகாது. ஆஸ்பின்வால் வளாகத்தில் ஓவியங்களும் சிற்பங்களும் வைக்கப்பட்ட நீண்ட கூடமொன்றுக்கு விழா நடத்துவோர் வேறு பெயர் சூட்டவில்லை. 'காயர் கோடவுன்' என்றே அழைக்கின்றனர். முதற்சொல் நம் கயிறு. பிற்சொல் நம் கிடங்கு.